பழைய படத்தை ஹாலிவுட் திரும்ப எடுக்கலாமா? தருவைகுளத்தில் ஒரு வீட்டுப் பட்டிமன்றம்

தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளங்களைத் தாண்டி இருக்கிறது தருவைகுளம். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. காலைப் பூசை, மதியம் மீன் குழம்பு, அதன்பிறகு ஒரு தூக்கம். போன மாதம் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தத் தூக்கத்தைக் கெடுத்தது ஒரு படம்.

பெரியப்பாவின் பேரன் எஞ்சினீயரிங் படிக்கிறான். லேப்டாப்பை டி.வி-யில் மாட்டி, ‘தாத்தா, உங்களுக்குப் பிடிச்ச மாதிரி கடல் படம்’ என்று ஒன்றைப் போட்டான். 1954-ல் வால்ட் டிஸ்னி கம்பெனி எடுத்த ‘ட்வென்டி தவுசண்ட் லீக்ஸ் அண்டர் த சீ’. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் எழுதிய நாவல்தான் மூலம். நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல், அதன் தலைவன் கேப்டன் நெமோ, அவனிடம் மாட்டிக்கொள்ளும் மூன்று பேர். நெமோவாக ஜேம்ஸ் மேசன், ஈட்டி எறியும் நெட் லாண்டாக கிர்க் டக்ளஸ். ஸ்பெஷல் எஃபெக்டுக்கும் கலை இயக்கத்துக்கும் ஆஸ்கர் வாங்கிய படம்.

பெரியப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. வாழ்நாளெல்லாம் சங்கு குளித்தவர். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக அரசாங்கம் முத்துக்குளிப்பு நடத்தியது 1961-ல். அப்போது அவருக்கு விடலைப் பருவம். ‘என்னை இறங்க விடல. வள்ளத்துல உக்காந்து கயிறு பிடிக்கத்தான் விட்டாவ’ என்று இன்றும் குறையாகச் சொல்வார். கடல் படம் பார்க்க அவரைவிடக் கறாரான ரசிகர் கிடைக்கமாட்டார்.

கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். செம்புத் தலைக்கவசம் மாட்டி, ஈயச் செருப்போடு கடலடியில் நடந்துபோகிற ஆட்களைக் காட்டியபோது, ‘இவன் நடக்கான். நாம குதிச்சோம்’ என்றார். ராட்சதக் கணவாய் வந்து கப்பலைப் பிடித்துக்கொள்கிற இடத்தில் அவரே எழுந்து உட்கார்ந்துவிட்டார். புயல், மழை, இருட்டு, அதற்குள் கோடாலியும் கையுமாக மனிதர்கள். எழுபது வருஷம் ஆகியும் அந்தக் காட்சி மிரட்டத்தான் செய்கிறது.

அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. முதலில் அந்தச் சண்டையை அமைதியான கடலில், செக்கர் வானப் பின்னணியில் எடுத்தார்களாம். போட்டுப் பார்த்தால் கணவாய் ரப்பர் பொம்மை என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. ஆட்டுவிக்கிற கம்பிகூடத் தெரிந்ததாம். ஏற்கெனவே அந்தக் காலத்து ஹாலிவுட்டில் மிக அதிகம் செலவான படங்களில் ஒன்று அது. இருந்தாலும் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு, புயல் மழையில் நடப்பதாக மறுபடி எடுத்தார்கள். ‘அதுவும் ரீமேக்தானே!’ என்று நான் சொன்னேன். அங்கேதான் பிடித்தது பட்டிமன்றம்.

பேரன் கட்சி: ரீமேக்கே கூடாது. ‘புதுசா யோசிக்கத் தெரியல சித்தப்பா. பழைய பேரு இருந்தா விளம்பரத்துக்குப் பாதிச் செலவு மிச்சம். அவ்ளோதான். 2012-ல டோட்டல் ரீகால் எடுத்தாங்க, 2014-ல ரோபோகாப் எடுத்தாங்க. இப்ப யாராவது அதைப் பத்திப் பேசறாங்களா? பழசைத்தான் பேசறாங்க.’

உண்மைதான். 1951-ல் வந்த ‘த டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ படத்தில் வாஷிங்டன் புல்வெளியில் ஒரு பறக்கும் தட்டு இறங்கும். அதிலிருந்து வருகிறவன் சண்டைபோட வரவில்லை. அணுகுண்டை வைத்துக்கொண்டு விளையாடாதீர்கள் என்று எச்சரிக்க வருகிறான். ஹிரோஷிமா நடந்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களின் வயிற்றில் இருந்த பயம்தான் அந்தப் படத்தின் பாதி பலம். 2008-ல் கியானு ரீவ்ஸை வைத்துத் திரும்ப எடுத்தார்கள். சுற்றுச்சூழல் பிரச்னையைக் கதைக்குள் கொண்டுவந்தார்கள், கிராஃபிக்ஸைக் கொட்டினார்கள். பழைய படத்தில் ஒரே ஒரு ரோபோ அசையாமல் நின்றே கொடுத்த பயத்தில் கால்வாசிகூட வரவில்லை.

ஆனால் எல்லா ரீமேக்கும் அப்படியல்ல. பேரன் சொன்னதை முழுதாக ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. 1951-லேயே வந்த இன்னொரு படம் ‘த திங் ஃப்ரம் அனதர் வேர்ல்டு’. ஜான் கேம்ப்பெல் 1938-ல் எழுதிய கதையில் அந்த வேற்றுக்கிரக ஜந்து, தான் தொட்ட மனிதனாகவே உருமாறிவிடும். பக்கத்தில் நிற்கிறவன் நண்பனா, அதுவா என்று தெரியாது. கதையின் உயிரே அந்தச் சந்தேகம்தான். 1951 படத்தில் அதை விட்டுவிட்டு, உயரமான ஓர் ஆளுக்கு வேஷம் கட்டி ஜந்துவாக்கினார்கள். 1982-ல் ஜான் கார்ப்பென்டர் ‘த திங்’ என்று திரும்ப எடுத்தபோது பழைய படத்தை நகல் எடுக்கவில்லை. நேரே கேம்ப்பெல் கதைக்குப் போனார். வந்தபோது படம் ஓடவில்லை. அதே மாதம்தான் ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ வந்திருந்தது. அன்பான வேற்றுக்கிரகக் குழந்தையைப் பார்த்துக் கண் கலங்கிக்கொண்டிருந்த ஊர், இந்த ரத்தக்களறியைப் பார்க்க விரும்பவில்லை. இன்றைக்கு அதை இந்த வகையின் உச்சங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். 1986-ல் வந்த ‘த ஃப்ளை’யும், 1978-ல் வந்த ‘இன்வேஷன் ஆஃப் த பாடி ஸ்னாட்சர்ஸு’ம் ரீமேக்குகள்தான். ‘ட்யூன்’ நாவலை 1984-ல் ஒரே படத்துக்குள் திணித்துச் சொதப்பியிருக்காவிட்டால், 2021-ல் டெனி வில்நவ் அதைப் பிரித்து நிதானமாக எடுத்ததன் அருமை இவ்வளவு தெரிந்திருக்குமா?

நம்மூரில் மட்டும் என்ன? இந்தி ‘டான்’ 1980-ல் தமிழில் ‘பில்லா’வானது. அதே ‘பில்லா’ 2007-ல் மறுபடியும் வந்தது. ரஜினி ரசிகரும் அஜித் ரசிகரும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்ததைப் பெரியப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். படம் முடிந்தது. எழுந்து போகாமல் ஒரு கேள்வி கேட்டார்.

‘ஏல, கடலுக்கடியில இவ்ளோ சுத்தினாம்லா, முத்து எடுக்கவே இல்லையே?’

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் நாவலில் நெமோ முத்து எடுக்கும் இடத்துக்கு வருகிறான். அதுவும் எங்கே? நம்முடைய மன்னார் வளைகுடாவுக்கு.

பள்ளியில் சுருக்கப் பதிப்பாகப் படித்தவர்களுக்கு இது நினைவிருக்காது. முழு நாவலின் இரண்டாம் பாகம் தொடங்குவதே இந்துமகா சமுத்திரத்தில்தான். நாட்டிலஸ் இலங்கையை நெருங்குகிறது. மன்னார் முத்துப் பார்களைப் பார்க்க வருகிறீர்களா என்று பேராசிரியர் அரோனாக்ஸைக் கூப்பிடுகிறான் நெமோ. கூடவே, சுறாவுக்குப் பயமில்லையே என்றும் கேட்கிறான். பேராசிரியருக்கு அன்றிரவு தூக்கம் போகிறது.

விடியற்காலையில் கடலடியில் நடக்கிறார்கள். தேங்காய் அளவு முத்தை வளர்த்துக்கொண்டிருக்கும் ஒரு ராட்சதச் சிப்பியைக் காட்டுகிறான் நெமோ. எடுக்கவில்லை, இன்னும் வளரட்டும் என்று விட்டுவிடுகிறான். திரும்பும் வழியில்தான் மேலேயிருந்து ஒரு நிழல் இறங்குகிறது. ஏழை இந்தியன் ஒருவன். சீசன் தொடங்குமுன்னே வந்து தனியாகக் குளித்துக்கொண்டிருக்கிறான். காலில் கல்லைக் கோத்துக்கொண்டு இறங்குகிறான், மண்டியிட்டு கைக்கு எட்டிய சிப்பிகளைப் பைக்குள் போடுகிறான், மேலே போகிறான், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இறங்குகிறான். அப்போது சுறா வருகிறது. அதன் வால் அடித்து அவன் சாய்ந்துவிடுகிறான். கத்தியை உருவிக்கொண்டு பாய்கிறான் நெமோ. அவனும் சுறாவிடம் சிக்கும் நேரத்தில் நெட் லாண்டின் ஈட்டி சுறாவை முடிக்கிறது. மயங்கிய குளியாளை அவனுடைய படகுக்குத் தூக்கிவந்து உயிர் பிழைக்க வைக்கிறார்கள். கண் திறந்தவன், தன்மேல் குனிந்திருக்கும் நான்கு செம்புத் தலைகளைப் பார்க்கிறான். நெமோ ஒரு பை நிறைய முத்தை எடுத்து அவன் கையில் வைத்துவிட்டுப் போகிறான்.

மனித இனமே வேண்டாம் என்று கடலுக்குள் ஓடிவந்தவன் ஏன் ஒரு மனிதனுக்காக உயிரைப் பணயம் வைத்தான் என்று பேராசிரியர் கேட்கிறார். ஒடுக்கப்பட்டவர்களின் நாட்டைச் சேர்ந்தவன் அவன், நானும் சாகும்வரை அந்த நாட்டவன்தான் என்ற பொருளில் பதில் சொல்கிறான் நெமோ. வாசகனுக்கு அப்போது முழுதாகப் புரியாது. ஐந்தாறு வருஷம் கழித்து வெர்ன் எழுதிய ‘மிஸ்டீரியஸ் ஐலண்ட்’ நாவலில் உண்மை வெளியாகிறது: கேப்டன் நெமோ என்பவன் தக்கார் என்ற இந்திய இளவரசன். ஊர் பந்தேல்கண்ட். 1857 கிளர்ச்சியில் வெள்ளையரை எதிர்த்துப் போரிட்டு, குடும்பத்தையும் நாட்டையும் இழந்து கடலுக்குள் போனவன். (முதலில் அவனை ரஷ்யர்களால் குடும்பத்தை இழந்த போலந்துப் பிரபுவாக்கத்தான் வெர்ன் நினைத்தார். ரஷ்யாவில் புத்தகம் விற்காதே என்று பதிப்பாளர் ஹெட்ஸெல் தடுத்துவிட்டார். வியாபாரம் செய்த நன்மைகளில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.)

1954 படத்தில் இதெல்லாம் எங்கே? நெமோ இங்கிலீஷ்காரரைப்போல இருக்கிறார், பேசுகிறார். குடும்பத்தைக் கொன்றது ஏதோ பெயர் சொல்லாத நாடு. சுறா வருகிறது; ஆனால் மூழ்கிய கப்பலில் புதையல் தேடிப் போன நெட் லாண்டைத் துரத்த வருகிற சுறா. முத்துக்குளிக்கிறவன் இல்லை. பழுப்புத் தோல்காரர்கள் வருகிறார்கள்; ஈட்டியோடு கிர்க் டக்ளஸைத் துரத்திக்கொண்டு, நரமாமிசம் தின்கிறவர்களாக. அந்தக் காட்சியும் நாவலில் இருப்பதுதான். ஆனால் நாவலில் அதற்கு எதிர்த்தட்டில் மன்னார்க் கடல் மனிதன் ஒருவன் இருந்தான். தட்டில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

இதைச் சொன்னதும் பேரன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பெரியப்பாவோ வேறு விதமாகக் கொதித்தார். ‘எவ்ளோ ஆழத்துல குளிச்சான்னு எழுதிருக்கான்?’

‘அஞ்சு மீட்டர் பெரியப்பா.’

‘அஞ்சு மீட்டர்ல முத்தா? அதுல நண்டுதான் கெடைக்கும். எங்க பாரெல்லாம் எட்டுப் பாகம், பத்துப் பாகம். அந்த வெர்ன் இங்க வந்தானா, இல்ல யாரும் சொன்னதைக் கேட்டு எழுதினானா?’

வெர்ன் இந்தியப் பக்கமே வந்ததில்லை. புத்தகங்களையும் பயணக் குறிப்புகளையும் படித்துப் படித்தே உலகத்தை எழுதியவர். கல், கயிறு, பை எல்லாம் சரியாகத்தான் வந்திருக்கின்றன. ஆழம் மட்டும் தப்பு. அவர் எழுதியது இலங்கைக் கரைப் பார்களைப் பற்றி. ஆனால் அங்கே முத்துக்குளிப்பு அறிவித்தால் தூத்துக்குடிக் கரையிலிருந்து பரதவர்கள் போவது வழக்கம். ஆகவே அந்தப் பெயரில்லாத குளியாள் நம் கரைக்காரனாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு என்று நான் நம்ப ஆசைப்படுகிறேன். தூத்துக்குடிப் பக்கம் வெள்ளையர் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்குப் போகும். உயிரைக் கொடுத்துக் குளித்தவர்களுக்கு மிச்ச ஒரு பங்கு. ஒரு பை முத்தை மொத்தமாகக் கையில் வைத்துவிட்டுப் போகிற கேப்டன், அன்றைக்கு நிஜமாகவே அறிவியல் புனைகதையில்தான் வர முடியும்.

இந்த நாவலைப் படமாக்கியவர்கள் எல்லோரும் நம் கடலை மறக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1916-ல் வந்த மௌனப் படத்தில் நெமோ இந்திய இளவரசனாகத்தான் வருகிறான். பஹாமாஸ் கடலில் நிஜமாகவே தண்ணீருக்கடியில் எடுத்த படம் அது. என்ன, இந்தியனாக நடித்தவர் முகத்தில் சாயம் பூசிய அமெரிக்கர். ஓர் இந்திய நடிகரே ஹாலிவுட் படத்தில் நெமோவாக வருவதற்கு 2003 ஆகவேண்டியிருந்தது: ‘த லீக் ஆஃப் எக்ஸ்ட்ராஆர்டினரி ஜென்டில்மென்’ படத்தில் நஸீருதீன் ஷா. படம் சுமார்தான், தாடியும் தலைப்பாகையுமாக அவர் நிற்கும் தோரணை மட்டும் நினைவில் நிற்கும். டிஸ்னியே திரும்ப எடுக்க நினைத்து, டேவிட் ஃபின்ச்சர் பெயரோடு பேசப்பட்ட முயற்சி 2013-ல் நின்றுபோனது. பிறகு ‘நாட்டிலஸ்’ என்று பத்துப் பாகத் தொடரை எடுத்து முடித்து, வெளியிடாமலே 2023-ல் கைகழுவியது. வேறு நிறுவனங்கள் வாங்கி 2024-ல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. அதில் நெமோ, ஈஸ்ட் இந்தியா கம்பெனியின் கைதியாக இருந்து தப்பும் இந்திய இளவரசன். நடித்திருப்பவர் ஷஸாத் லத்தீஃப். எழுபது வருஷம் கழித்து நெமோவுக்கு நிறமும் ஊரும் திரும்பக் கிடைத்தன.

இந்த இடத்தில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். முழுசாக வந்த படத்தைத் தொடாதீர்கள். 1951 பறக்கும் தட்டு, 1968 ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ போன்றவை அந்தந்தக் காலத்தின் பயத்தோடும் ஆசையோடும் பிறந்தவை. அவற்றுக்கு வேண்டியது புது நடிகர் இல்லை. கீறல் இல்லாத நல்ல பிரதி. கதையில் எதையாவது விட்டுவிட்டு எடுத்திருந்தால் மட்டும் தாராளமாகத் திரும்ப எடுக்கலாம்.

பிரதி என்றதும் நம்மூர் நினைவு வருகிறது. வேற்றுக்கிரகவாசிகள் பறக்கும் தட்டில் வந்து பாட்டுச் சொல்லித்தர பானுமதியைக் கடத்திப்போகும் ‘கலை அரசி’ 1963-லேயே தமிழில் வந்துவிட்டது. எம்.ஜி.ஆர். இரட்டை வேடம், ஏ.காசிலிங்கம் இயக்கம். அதற்கும் முன்னால், 1952-ல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஒரு அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து ‘த ஜங்கிள்’ எடுத்தது. யானைகளுக்கு ரோமப் போர்வை போர்த்தி, அழிந்துபோன மாமத்துகளாக்கினார்கள். இன்று பார்த்தால் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டிய படங்கள் அவை. ‘கலை அரசி’யை ரீமேக் செய்கிறோம் என்று யாராவது கிளம்பினால் நானே தடுப்பேன். அந்தக் காசில் அதைச் சுத்தப்படுத்தி, பெரிய திரையில் போடுங்கள். 1964-ல் வந்த ‘கர்ண’னை 2012-ல் டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்டபோது தியேட்டரில் என்ன கூட்டம்! முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ இன்று ஒரு பிரதிகூட இல்லை. போனது போனதுதான்.

ரீமேக்கால் பழையது காணாமல் போன கதையும் ஹாலிவுட்டில் உண்டு. 1931-ல் வந்த ‘டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்’ படத்துக்காக ஃப்ரெட்ரிக் மார்ச் ஆஸ்கர் வாங்கினார். பத்து வருஷம் கழித்து எம்.ஜி.எம். கம்பெனி அதே கதையை எடுத்தபோது, பழைய படத்தின் உரிமையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டது. பல பத்தாண்டுகள் அந்தப் படம் மக்கள் கண்ணில் படவில்லை. பேரனின் கோபத்துக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. இதை அவனுக்கு நானே எடுத்துக் கொடுத்தேன். வாதத்தில் ஜெயிப்பதைவிட உண்மை முக்கியம் இல்லையா?

அவன் விடவில்லை. ‘சரி சித்தப்பா. நெமோ படத்தை நீங்க சொல்ற மாதிரியே திரும்ப எடுக்கறாங்கன்னு வைங்க. அந்த முத்துக்குளிக்கிற சீனை எங்க எடுப்பாங்க? பஹாமாஸ்லயும் ஆஸ்திரேலியாலயும் டேங்க்ல தண்ணி நிரப்பி எடுப்பாங்க. நடிக்கிறவன் எவனாவது வருவான். ஒரு வார்த்தை தமிழ் இருக்குமா?’

பதில் சொல்லத் தெரியவில்லை. ‘நாட்டிலஸ்’ தொடரும் ஆஸ்திரேலியாவில்தான் எடுக்கப்பட்டது.

வெளியே வெயில் தாழ்ந்துவிட்டது. பெரியம்மா கடுங்காப்பி கொண்டுவந்து வைத்தார். பெரியப்பா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் யோசித்தது ஷூட்டிங் இடத்தைப் பற்றியல்ல.

‘அவன் தனியா வந்து குளிச்சான்னா சொன்ன?’

‘ஆமா. கயிறைப் படகுல கட்டிட்டு இறங்கறான்னு எழுதிருக்கார்.’

‘நடக்காது. கயிறு பிடிக்க ஆள் இல்லாம எவன் இறங்குவான்? அதுவும் யாரையாவது நம்பி இறங்கமாட்டான். பொண்டாட்டிகூடப் பிறந்தவன்தான் கயிறு பிடிப்பான். அக்கா தாலி அவன் கையில இருக்குல்லா, அசந்து இருக்கமாட்டான். சுறா வந்தப்ப மேலருந்து இழுத்திருப்பான். கேப்டன் வந்து காப்பாத்தற வரைக்கும் பார்த்துக்கிட்டா இருப்பான்?’

‘அப்போ படம் எடுக்கலாங்கறீங்களா, வேண்டாங்கறீங்களா தாத்தா?’ என்றான் பேரன்.

‘எடுக்கட்டும். ஆனா வள்ளத்துல அந்த மச்சானையும் உக்கார வைக்கச் சொல்லு’ என்றார் பெரியப்பா. காப்பியைக் குடித்துவிட்டு, கணவாய் வரும் இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார்.